ஓலைக்கு அடித்த மணி

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

உலக வரலாற்றில் பொறிக்கத்தக்க செய்தி ஒன்றைப் பணிவுடன் அறிவிக்கிறேன். நேற்று மாலை உன் தம்பியின் மேலுதட்டில் மீசை முளைத்தது. ஒரு முடிதான். ஆனாலும் மீசை மீசைதானே.

அடுத்த செய்திக்குச் சிரிக்காதே. நம் கோயில் பீடத்துக்கு முன்னால் அப்பா செய்து போட்ட மரக் கிராதியைப் புது ஃபாதர் கழற்றிவிட்டார். இனி முழங்காலிட வேண்டாமாம், வரிசையில் நின்று நற்கருணை அப்பத்தைக் கையில் வாங்கலாமாம். தன் உளி பட்ட தேக்கு சுவரோரம் சாத்திக் கிடப்பதைப் பார்த்த அப்பா, "நின்னு வாங்க இது என்ன பஸ் டிக்கெட்டா?" என்று வெளியே போனவர்தான். அன்றிலிருந்து பூசை நேரம் முழுக்க சைக்கிள்களுக்கு நடுவே நிற்கிறார். உன் கல்யாணத்தன்றும் வாசலோடு சரியாம். அம்மா பேசப் போய், சுவரில் அடித்த பந்தாகத் திரும்பி வந்தாள். எனக்கு ராத்திரித் தூக்கம் போய்விட்டது. பகலில்தான் வருகிறது.

ஒற்றை முடி மீசைக்காரன்,
உன் வாலு

ஜூன் 12

அடேய் வாலு,

உன் கடிதம் வந்ததிலிருந்து வேலையில் கை ஓடவில்லை. அப்பா கையைப் பிடிக்காமல் நான் பீடத்துக்குப் போகமாட்டேன். தேதியைத் தள்ளிவிடலாமா என்றுகூட யோசிக்கிறேன்.

இந்த வெளிநாட்டு ஊரில் நான் பழைய சுவரோவியங்களைத் துடைத்துச் சீராக்கும் கோயிலுக்கு அறுநூறு வயது. அப்போது கிராதி இல்லை, ஆளுயரத்துக்கு மேல் மரத் தடுப்பு. அதற்கப்பால் ஃபாதர் முதுகைக் காட்டிக்கொண்டு, சனங்களுக்குப் புரியாத லத்தீனில் முணுமுணுப்பார். அப்பத்தை உயர்த்தும்போது மணி அடிப்பார்கள். அதைக் கேட்டுத்தான் சனங்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். பிற்பாடு தடுப்பு போய் இடுப்பளவுக் கிராதி வந்தது. அப்புறம் ஃபாதர் நம் பக்கம் திரும்பினார், நம் மொழியில் பேசினார். இப்போது கிராதியும் போகிறது. அந்தத் தடுப்பைச் செய்த தச்சரும் இப்படித்தான் முறைத்துக்கொண்டு வெளியே நின்றிருப்பார். அப்பாவிடம் பக்குவமாய்ச் சொல். உன் குறும்பெல்லாம் வேண்டாம்.

கலங்கிப்போயிருக்கும்,
அக்கா

ஜூன் 22

அக்காவுக்கு,

அப்பாவைக் கோயிலுக்குள் கொண்டுவந்த மாவீரன் எழுதுவது.

பக்குவம் எனக்கு வராது. ஆனால் நீ சொன்ன மணி மண்டைக்குள் அடித்துக்கொண்டே இருந்தது. உள்ளே நடப்பது தெரியாதவர்களுக்குத்தானே மணி? சைக்கிள்களுக்கு நடுவே நிற்கிறவரும் அவர்களில் ஒருவர்தானே? மைக் வந்தபின் பின்னறையில் தூசு தின்றுகொண்டிருந்த கைமணியை எடுத்துக்கொண்டு கதவோரம் உட்கார்ந்தேன். அப்பம் உயரும்போது அடிக்க வேண்டியது.

அடித்தது அப்போதல்ல. பிரசங்கம் முடிந்து ஃபாதர் உன் கல்யாண அறிவிப்பு ஓலையை வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றாரே, அப்போது. மணி கேட்டால் முழங்காலிட்ட அந்தக் காலத்துப் பழக்கதோஷம், பெரியவர்கள் அத்தனை பேரும் தடதடவென்று முழங்காலிட்டார்கள். மாப்பிள்ளை பெயருக்கு இப்படியொரு மரியாதையை அவர் கனவிலும் கண்டிருக்க மாட்டார்.

அப்பா பாய்ந்து வந்து என் காதைப் பிடித்தார். "டேய், அதுக்கு இன்னும் நேரமிருக்குடா." மணியையும் பிடுங்கிக்கொண்டார். வெளியே போவார் என்று பார்த்தேன். போகவில்லை. நேரம் வரட்டும் என்று நின்றார். அப்பம் உயர்ந்தபோது அவரே அடித்தார், என் காதை விடாமல். அப்புறம் வரிசையில் போய், கிராதி இருந்த இடத்தில் வெறுந்தரையில் முழங்காலிட்டார். ஃபாதர் குனிந்து கொடுத்தார்.

வரும் வழியில் அம்மாவிடம், "நான் அவளைக் கூட்டிட்டு வர்றப்போ இவன் கையில மணி இருக்கக் கூடாது" என்றார்.

தேதியைத் தள்ளாதே.

ஓலைக்கு அடித்தது என் தந்திரம் என்று எல்லோரிடமும் அளந்து வைத்திருக்கிறேன். உன்னிடம் மட்டும் சொல்கிறேன். பிரசங்கத்தில் தூங்கிப்போனேன். உன் பெயர் காதில் விழவும் பதறி எழுந்ததில் கை ஆடிவிட்டது.

மீசையும் இல்லை. முகம் கழுவினேன், போய்விட்டது.

சிவந்த காதுடன்,
உன் வாலு