கட்டம் சின்னது, வசனம் பெருசு

மார்ச் 3, 1964, செவ்வாய்

பத்தொன்பது பக்கத்துக்கு வசனத்தை மையால் எழுதி முடித்தேன். விரலிடுக்கில் மை போகவில்லை, சோப்பு கரைந்ததுதான் மிச்சம்.

ஏபெல் ராஸ்கினின் தட்டச்சு இயந்திரம் பழுதாம். இந்த மாத வெண்கலச் சிறகன் கதை முழுவதையும் பென்சிலால் எழுதி அனுப்பியிருக்கிறார். மனிதர் படக்கதைக்கு வசனம் எழுதுகிறாரா, நீதிமன்றத்தில் வாதாடுகிறாரா? பாலத்தில் ஒற்றைக் கையால் தொங்குகிறவன் நாற்பது வார்த்தை பேசுகிறான். பேச்சுக்கு விட்ட இடமோ முட்டையளவு. அதற்குள் எழுத்தை அடைப்பது என் பாடு. அதனால் வழக்கம்போல ஓரத்தில் எனக்கு ஒரு வரி மன்னிப்பும் எழுதியிருப்பார். நல்ல மனுஷன். சிரிக்கத்தான் தெரியாது.

பெரிய கடையின் நிலவறையில் ஒன்பது வருடம் 'தள்ளுபடி' அட்டை எழுதியவளுக்கு இது சொர்க்கம். நாயகன் பறக்கிறான், அவன் பேச்சு என் கையில்!

மே 12, செவ்வாய்

இதழ் அச்சாகி வந்துவிட்டது. பதினோராம் பக்கம். ஐயோ.

மே 13, புதன்

தூங்கவில்லை.

வசனம், குறிப்பு எல்லாமே பென்சிலாக இருந்ததால், ஏபெல் ஓரத்தில் எனக்கு எழுதிய மன்னிப்பை வசனம் என்று நினைத்து, சிறகன் வாயிலேயே மையால் எழுதிவிட்டிருக்கிறேன். கீழே ஆறு, மேலே வில்லன், நடுவில் தொங்கிக்கொண்டு சிறகன் சொல்கிறான்: "ஹெர்மின், கட்டம் சின்னது, வசனம் பெருசு. மன்னிச்சுக்கோ." அதற்கு வில்லன், "இதுதான் உன் கடைசி வார்த்தை!" என்கிறான்.

கண்ணை எங்கடி வெச்சிருந்தே? சொந்தப் பேரை எழுதறோம்னுகூடவா தெரியல? — தெரியவில்லை. எழுதும்போது நான் வார்த்தையைப் படிப்பதில்லை, எழுத்தின் வடிவத்தைத்தான் பார்க்கிறேன். இந்த வேலையில் எல்லோரும் அப்படித்தான். சரிபார்க்க வேண்டிய ஆசிரியர் கார்ஃபைன் அந்த வாரம் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வீட்டில் படுத்திருந்தார்.

பத்து மணிக்குக் கூப்பிட்டார். எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவர், நாயகன் பெயரில் ஒரே ஒரு எழுத்தை விட்டதற்கு வேலையை இழந்தவர். மறுபடி நிலவறைதான் என்று நினைத்துக்கொண்டே போனேன்.

"யாரு இந்த ஹெர்மின்?" என்று என்னிடமே கேட்டார் கார்ஃபைன். ஒரு வருடமாக நான் அவருக்கு வெறும் மிஸ் ஸ்லோட்கின், முதல் பெயர் தெரியாது. அதற்குள் பின்னாலிருந்து ஏபெல் குரல்.

"நான்தான் சார் எழுதினேன். வேணும்னேதான். படிக்கிற பசங்க சிரிக்கட்டுமேன்னு."

"நீயா? சிரிப்பா?"

வாசகர் கடிதம் வரட்டும் என்றார் கார்ஃபைன். திட்டி வந்தால் இரண்டு பேரும் கிளம்ப வேண்டியதுதான். ஏபெலின் மனைவி ஐந்து மாதம்! ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று படிக்கட்டில் சண்டை பிடித்தேன்.

"மன்னிப்பு என்னோடதுதானேம்மா. யார் வாயில வந்தா என்ன?" என்றார்.

ஜூன் 2, செவ்வாய்

ஒரு கடிதம்கூட இல்லை. கார்ஃபைன் காலை வணக்கம் சொன்னார். அது நல்லதா, கெட்டதா?

ஜூன் 9, செவ்வாய்

மூட்டை வந்தது! மூட்டையேதான். ஒஹாயோவிலிருந்து ஒரு பொடியன் கேட்டிருக்கிறான்: "ஹெர்மினைப் பக்கத்துக்கு அடியில அடைச்சு வெச்சிருக்கீங்களா? சிறகன் ஏன் இன்னும் காப்பாத்தல?" சிரித்துச் சிரித்து அழுதேன். கடவுளே, உனக்குக் கோடி நன்றி. ஏபெல், உங்களுக்கு அதற்கும் மேல்.

இனி மாதாமாதம் சிறகன் ஹெர்மினிடம் பேச வேண்டுமாம். கார்ஃபைன் உத்தரவு. ஏபெல் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "நாவல் எழுதணும்னு வந்தவன்மா நான்" என்று புலம்பினார். எனக்காகச் சொன்ன பொய்யை இப்போது மாதாமாதம் மெய்யாக்க வேண்டும், பாவம்.

ஜூலை 16, வியாழன்

முதல் நகைச்சுவை வறட்டு ரொட்டி மாதிரி இருந்தது. இன்று இருவரும் கீழே உணவகத்தில் உட்கார்ந்து யோசித்தோம். சிறகன் வேகமாகப் பறந்து கட்டத்தின் கோட்டில் தலையை இடித்துக்கொள்கிறான். வில்லன் அடுத்த பக்கத்தை எட்டிப் பார்த்துவிட்டு, தான் தோற்பதைக் கண்டு கதையை விட்டே ஓடப் பார்க்கிறான். ஓடவிடாமல் சிறகன் பக்க எண்ணைப் பிடுங்கி அவன்மேல் எறிகிறான். அதைச் சொல்லும்போது ஏபெல் சிரித்தார். வெள்ளரி ஊறுகாய்த் துண்டு தொண்டையில் சிக்கி முதுகைத் தட்ட வேண்டியதாயிற்று. அப்படியொரு சிரிப்பை இவர் எங்கே ஒளித்து வைத்திருந்தார்?

செப்டம்பர் 17, வியாழன்

கடைசிப் பக்கம், கடைசிக் கட்டம். இவ்வளவு பெரிய கட்டம் ஏபெல் எனக்குத் தந்ததே இல்லை. வசனம் எதுவும் இல்லை. ஓரத்தில் பென்சிலில்: "ஹெர்மின், வீட்டுக்காரிக்கு வலி வந்துட்டுது, ஆஸ்பத்திரிக்கு ஓடறேன். இதுல நீயே எதாவது எழுது."

மை காயக் காய உட்கார்ந்திருக்கிறேன். நாலு மாதமாக ஒரு பொய் அவர் தலையில். என்ன எழுதுவது?

செப்டம்பர் 18, வெள்ளி

பெண் குழந்தை. இருவரும் சுகம்.

சிறகன் வாயில் எழுதினேன்: "அன்று பாலத்தில் நான் உளறியது ஹெர்மினின் கைத்தவறு. ஏபெல் அதைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். அவருக்கு இன்று மகள் பிறந்திருக்கிறாள். நன்றி சொல்ல இதைவிடப் பெரிய கட்டம் என்னிடம் இல்லை."

அச்சுக்குப் போகும்முன் நானே கார்ஃபைன் மேசையில் வைத்தேன். இரண்டு தடவை படித்தார்.

"நிஜமா?"

"நிஜம் சார்."

"ஒஹாயோ பையனுக்கு என்ன பதில் சொல்றது?" என்று மட்டும் முணுமுணுத்தார். வேலை இருக்கிறதா இல்லையா என்று சொல்லவில்லை. திங்கட்கிழமை வந்து உட்கார்ந்துகொள்வேன், யாராவது எழுப்பட்டும்.

செப்டம்பர் 29, செவ்வாய்

யாரும் எழுப்பவில்லை. குழந்தை பிறந்த சந்தோஷத்தில் எல்லோருக்கும் கொடுக்க ஏபெல் சுருட்டுப் பெட்டியோடு வந்தார். உயிரோடு இருக்கிறவர் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது எங்கள் யூத வழக்கமில்லை. "உன் பேரைத்தான் வெச்சிருப்பேன், நீ இன்னும் உயிரோட இருந்து தொலைக்கறியே" என்றார். மூன்று பிள்ளை பெற்றவர் இப்போதுதான் கேலி பேசக் கற்றிருக்கிறார்.

நவம்பர் 24, செவ்வாய்

இதழ் வந்தது. கடைசிக் கட்டம் நான் எழுதியபடியே இருக்கிறது. ஒரு வார்த்தை வெட்டவில்லை.

பிறகு முதல் பக்கத்தைத் திருப்பினேன். கதை, படம் என்று இரண்டு பெயர் மட்டும் இருக்கும் பெட்டி. அதை எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். இந்தத் தடவை அடியில் மூன்றாவதாக ஒரு வரி இருந்தது. என் கை இல்லை. ஏறியும் இறங்கியும், மை சிந்தி, இடம் போதாமல் கடைசியில் நெருங்கி — கார்ஃபைனே எழுதி ஒட்டியிருக்கிறார்:

"எழுத்து: ஹெர்மின் ஸ்லோட்கின். இந்தத் தடவை வேண்டுமென்றே."

கோணல் எழுத்து. நான் எழுதியிருந்தால் நேராக இருந்திருக்கும். ஆறு பிரதி வாங்கினேன்.