சென்ற வருடத் திகதியால் கழற்றப்பட்ட குடில்

அனுப்புநர்:
பே. கீர்த்திகன்,
கட்டடப் பராமரிப்பாளர்,
நோத்ர-டாம்-த-கிரேஸ், மொன்றியல்.

பெறுநர்:
பணிப்பாளர்,
லெஸ் எராப்ல் குடியிருப்புச் சபை,
மொன்றியல்.

விடயம்: ஏழாம் இலக்க வீட்டின் பண்டிகைக் குடிலைக் கழற்றச் செய்தமை.

மதிப்புக்குரிய ஐயா,

1. உங்கள் அலுவலகம் சென்ற வருடத்துப் பண்டிகைத் திகதிகளை இந்த வருடச் சுற்றறிக்கையில் அப்படியே போட்டிருக்கிறது. யூதர்களின் குடில் பண்டிகை ஒக்டோபர் 16 மாலை தொடங்கும் என்கிறது அது. தொடங்கியது 6ஆம் திகதி மாலை. அந்த ஏழு நாளும் அவர்கள் குடிலில்தான் சாப்பிடுவார்கள்.

2. 8ஆம் திகதி உங்கள் பரிசோதகர் வந்தார். ஏழாம் இலக்க வீட்டில் இருக்கும் தாதி றீனா கட்ஸும் அவரது இரு பிள்ளைகளும் பல்கனியில் போட்ட மரக்குடிலில் மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சுற்றறிக்கைத் திகதிக்கு முன் கட்டியது என்று பரிசோதகர் உடனே கழற்றச் சொன்னார். ஆட்சேபணை இருந்தால் அங்கேயே எழுதித் தரும்படி தாளை நீட்டினார். பண்டிகையின் முதல் இரண்டு நாளும் அவர்கள் எழுதுவதில்லை, கருவி தொடுவதில்லை. திருமதி கட்ஸ் வாயால் மறுத்தார், பேனாவைத் தொடவில்லை. "ஆட்சேபணை இல்லை" என்று பரிசோதகர் பதிந்துகொண்டார். கழற்றியது நான். மறுத்தால் என் வேலை போகும் என்றார் பரிசோதகர். பிள்ளைகள் சாப்பாட்டுத் தட்டுகளோடு பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

3. யூதர்களின் மாதம் பிறையோடு பிறக்கிறது. பன்னிரண்டு நிலவு மாதங்கள் சூரிய வருடத்தைவிடப் பதினொரு நாள் அளவு குறைவு. பண்டிகைகள் பருவம் தவறாதிருக்கப் பத்தொன்பது வருடத்தில் ஏழு முறை ஒரு மாதம் கூட்டுகிறார்கள். முற்காலத்தில் பிறையைக் கண்டவர்கள் எருசலேமில் சாட்சி சொன்ன பிறகே மாதம் அறிவிக்கப்பட்டது. மக்கள் சிதறிய பின் கணக்கிட்டுத் தீர்மானித்தார்கள். சிதறிய சனத்துக்கு அது ஏன் தேவைப்பட்டது என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. உங்களுக்கு இவ்வளவும் தெரிய வேண்டாம். இந்தப் பண்டிகை மாதத்தின் பதினைந்தாம் நாள் வருவது. 6ஆம் திகதி இரவு முழுநிலவு. பரிசோதகர் அண்ணாந்து பார்த்திருந்தாலே போதும்.

4. அதே சுற்றறிக்கையில் தீபாவளி ஒக்டோபர் 31. அதுவும் சென்ற வருடத்தது, இம்முறை 20. "நத்தார் டிசம்பர் 25இலை அசையாமல் நிக்குதெண்டு எல்லாரையும் நிக்கச் சொல்லினம்" என்று என் மனைவி சாம்பவி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

5. பண்டிகை திங்கள் மாலை முடிகிறது. அன்று நன்றியறிதல் நாள், உங்கள் அலுவலகம் பூட்டு. இன்று வெள்ளி, சூரியன் மறைந்தால் அவர்களுக்கு ஓய்வுநாள். நாளை இரவு வரை எதுவும் கட்ட முடியாது. இரண்டு மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் இல்லை. ஆகையால் நேரில் வந்து இதைத் தருகிறேன்.

பலகைகள் நிலக்கீழ் அறையில் இருக்கின்றன. திருகாணிகள் என் சட்டைப்பையில். ஒரு மணிநேர வேலை. உங்கள் கையெழுத்துடன் ஒரு வரி போதும்: "குடிலை மீண்டும் பொருத்துக." அதை எழுதித் தாருங்கள். வாசலில் காத்திருக்கிறேன்.

மொன்றியல்
10 ஒக்டோபர் 2025, காலை 9.10

பே. கீர்த்திகன்