நாலாக வெட்டிய துணி

அக்கராயன்,
சித்திரை, புதன்கிழமை.

அன்பு மகன் கிருசாந்தனுக்கு,

நானும் அப்பாவும் இருக்கிறபடி இருக்கிறோம், அந்த வெயிலில் உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று உருத்திரபுரத்துச் சிவனை நினைத்துக்கொண்டு இதைத் தொடங்குகிறேன். தவராசா அண்ணையின் மகன் சதீஸ் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை நீ இருக்கிற டோகாவுக்குத் திரும்புகிறான், அவன் கையில்தான் இதைக் கொடுத்துவிடுகிறேன். கூடவே மிளகாய்த்தூளும் கொஞ்சம் பருத்தித்துறை வடையும் இருக்கின்றன, தூளுக்குள் ஈரக் கரண்டி போடாதே. ஞாயிற்றுக்கிழமை நீ போன் எடுத்தபோது என்னுடைய சோதனை சரிவரவில்லை, வேலையை விடுகிற கடிதத்தை இப்போதைக்குக் கொடுக்காதே என்று மட்டும்தான் சொன்னேன். ஏன் என்று கேட்டாய், எனக்கு வாய் வரவில்லை. "நீங்களும் படிச்சு முடிக்கமாட்டியள், என்னையும் முடிக்க விடமாட்டியள்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். அவன் கோபத்தில் சொல்கிறான் என்று அப்பாவிடம் சொன்னேன். ஆனால் உன்னைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை மகன், காரணம் தெரியாமல் காத்திரு என்றால் யாருக்கும் கோபம்தான் வரும். போனில் சொல்ல முடியாமல் போனதை எழுதிப் பார்க்கிறேன்.

வீட்டு நிலைமையை முதலில் சொல்லிவிடுகிறேன். காலபோக நெல் முற்றுகிற நேரம் பெய்த மழையில் படுத்துப்போனது உனக்குத் தெரியும். மெசின் வயலுக்குள் இறங்க வழியில்லாமல் கிடந்து பாதி முளைத்துவிட்டது, வந்ததும் நிறம் மாறின நெல், எங்கள் சாப்பாட்டுக்குத்தான் ஆகும். அப்பாவின் கால் ஈரத்தில் நின்று நின்று வீங்கி, சண்டைக்காலத்தில் பட்டு உள்ளே கிடக்கிற செல் துண்டு இருக்கிற இடத்தில் மறுபடியும் தோல் விட்டுப் புண்ணாகிவிட்டது. உழவுக்கு இனிக் கூலிக்குப் போகமாட்டேன் என்று அவரே சொல்லிவிட்டார், அவர் வாயால் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் கணக்குப் பிரிவை மூடி என்னை நிற்பாட்டிய பிறகு நான் ஏறி இறங்கிய இடங்களும் உனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் படித்து எடுத்த வர்த்தக டிப்ளோமாவை எல்லாரும் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, கொம்பியூட்டரில் இந்த வேலை தெரியுமா, அந்த வேலை தெரியுமா என்று கேட்டுத் திருப்பித் தந்தார்கள். அதற்குப் பிறகுதானே நீ இரண்டாம் வருடத்தோடு பல்கலைக்கழகப் படிப்பை நிறுத்தி லீவு போட்டுவிட்டுப் போனாய், போகும்போது வாசலில் நின்று சொன்னாய், "அம்மா, ஒரு வருசம். நீங்கள் தாதி உதவியாளர் படிப்பைப் படியுங்கோ, நீங்கள் வேலைக்குப் போன அடுத்த மாசம் நான் வந்து மிச்சத்தைப் படிக்கிறன்" என்று. வவுனியாவில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியிலும் பாஸ் பண்ணினால் எடுக்கிறோம் என்றார்கள். உன்னுடைய படிப்பு லீவு ஆடியோடு முடிகிறது. எனக்குத் திரும்பவும் சோதனை ஆவணியில்தான். நான் அன்றைக்குப் பேசாமல் நின்றதற்கு இதுதான் பாதிக் காரணம்.

மற்றப் பாதியையும் சொல்கிறேன். நான் படிக்கவில்லை என்று மட்டும் நினைக்காதே. எழுத்துச் சோதனையில் வகுப்பில் முதலாவது நான்தான். இருபது வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு இருக்க முதலில் கூச்சமாக இருந்தது, பிறகு எல்லாரும் அன்ரி அன்ரி என்று சுற்றித் திரிந்தார்கள். கட்டில் விரிக்க, பிரசர் பார்க்க, ஆளைப் புரட்டிப் படுக்கவைக்க எல்லாம் சரிவந்தது. காயத்துக்கு மருந்து கட்டுகிற இடத்தில்தான் பிரச்சினை. ஒரு பைக்கற்றை உடைத்தால் அதில் இருக்கிற கோஸ் துணியைக் காயம் மூட முழுதாக வைக்க வேண்டும், உடைத்த பைக்கற்றில் மிஞ்சுவதைக் குப்பையில் போட வேண்டும், காற்றுப் பட்டது இன்னொரு காயத்துக்கு ஆகாது. இதை நான் சோதனைத் தாளில் பிழையில்லாமல் எழுதினேன். ஆனால் கைக்குத் துணி வந்தால் கை அதை நாலாக வெட்டிவிடும். ஒரு துண்டைக் காயத்தில் வைத்து மூன்றைக் கோட்டுப் பொக்கற்றுக்குள் வைத்துவிடுவேன், வைத்தது எனக்கே தெரியாது. முதல் தரம் வகுப்பே சிரித்தது. எங்களோடு படித்த சுகந்தினி, மலைநாட்டிலிருந்து வந்து உருத்திரபுரத்தில் குடியேறின குடும்பத்துப் பிள்ளை, சரியான வாய்க்காரி, "அன்ரி, காயத்துக்கும் றேசனோ? பொக்கற்றுக்குள்ள வைக்கிறதை வட்டிக்குக் குடுக்கப் போறியளோ?" என்று கேட்டாள். நானும் சேர்ந்து சிரித்தேன். படிப்பிக்கிற தயாளினி மிஸ் என்னைவிட எவ்வளவோ இளையவா, "அக்கா, இஞ்சை சாமான் தாராளமா இருக்கு, பயப்பிடாதையுங்கோ" என்று ஒவ்வொரு முறையும் மெதுவாகச் சொல்லுவா. நானும் ஓம் ஓம் என்று தலையாட்டுவேன்.

அந்தப் பழக்கம் எங்கேயிருந்து வந்தது என்று உனக்கு நான் சொன்னதில்லை. சண்டையின் கடைசி மாதங்களில் கடற்கரைப் பக்கம் பள்ளிக்கூடமொன்றில் ஆஸ்பத்திரி நடந்தபோது, எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் உதவிக்கு வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். உன்னைச் சித்தியோடு பங்கருக்குள் விட்டுவிட்டு நான் போய் வந்தேன், உனக்கு ஆறு வயது, நான் சாமான் வாங்க வரிசையில் நிற்கப் போவதாகத்தான் உனக்குச் சொல்லி வைத்திருந்தோம். முதலில் பெயர் எழுதத்தான் விட்டார்கள். பிறகு கட்டுகிற ஆட்கள் குறைந்து போனார்கள், என்னையும் கட்டச் சொன்னார்கள். கோஸ் துணி முடியப் போகிற நேரம் ஒன்றை நாலாக வெட்டச் சொன்னார்கள், அதுவும் முடியச் சேலையைக் கிழித்து அவித்துக் கட்டினோம். ஒருவருக்குக் கட்டும்போது அடுத்தவர் பார்த்துக்கொண்டு கிடப்பார், அவருக்குப் பின்னால் இன்னொருவர், வாசலுக்கு வெளியே மரத்தடி வரைக்கும். வைக்கிற துண்டைவிட வைத்திருக்கிற துண்டில்தான் எங்கள் கண் இருக்கும். அவ்வளவுதான், அதற்கு மேல் எழுத வேண்டாம்.

சோதனைக்கு வெளியிலிருந்து ஒரு பரீட்சகர் வந்திருந்தார், வயதான மனிதர், நல்ல மாதிரி. பிளாஸ்டிக் காலொன்றில் சிவப்புப் பூசிக் காயம் செய்து வைத்திருந்தார்கள். நான் கை கழுவி, உறை போட்டு, பைக்கற்றை உடைத்து எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன். கட்டி முடித்துவிட்டு நிமிர்ந்தால் அவர் என் பொக்கற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "அம்மா, அது ஆருக்கு எடுத்து வைக்கிறியள்?" என்று கேட்டார். நக்கலாகக் கேட்கவில்லை மகன், உண்மையிலேயே தெரியாமல் கேட்டார். நான் அவருக்குக் காட்டப் பின்னால் திரும்பினேன். அங்கே பிள்ளைகள் தங்கள் முறைக்காக வெள்ளைக் கோட்டோடு வரிசையில் நின்றார்கள், ஒருத்தருக்கும் ஒன்றும் இல்லை, நல்ல சுகமான பிள்ளைகள். சுகந்தினி அன்றைக்குச் சிரிக்கவில்லை. துணியைப் பொக்கற்றில் வைத்தால் அந்த ஒரு பிழைக்கே பெயில் என்று விதி, அவர் என்ன செய்வார். சுகந்தினி பாஸ், வவுனியாவில் வேலைக்கும் போய்விட்டாள்.

வெளியே வரும்போது தயாளினி மிஸ் ஒரு பெட்டி கோஸ் துணியை என் பையில் வைத்துவிட்டா. "அக்கா, வீட்டிலை ஒவ்வொரு நாளும் ஒண்டை உடைச்சு முழுசா வையுங்கோ, மிச்சத்தை எறியுங்கோ. எறியத்தான் நீங்கள் பழக வேணும்" என்றா. நேற்றுப் பின்னேரம் அப்பாவைக் கதிரையில் இருத்தி அவருடைய புண்ணுக்கே கட்டத் தொடங்கினேன். அவர் காலை நீட்டிக்கொண்டு, என்னை வைத்துப் பாஸ் பண்ணினால் முதல் சம்பளத்தில் எனக்கொரு பங்கு என்று பகிடி விட்டுக்கொண்டிருந்தார். அதற்குள் கை மறுபடியும் நாலாக வெட்டிவிட்டது. மூன்று துண்டையும் மடியில் வைத்தபடி நான் இருந்தேன். அதுவரைக்கும் நான் பெயிலான காரணம் அவருக்குத் தெரியாது. பகிடியை நிற்பாட்டி என் மடியைப் பார்த்தார், பிறகு, "இஞ்சரப்பா, அதைக் குப்பையிலை போடும். இஞ்சை நான் ஒராள்தானே இருக்கிறன்" என்றார். போட்டேன். கையை நீட்டிப் போட எவ்வளவு நேரம் எடுத்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது. பிறகு புதுப் பைக்கற்றொன்றை உடைத்து முழுதாக வைத்துக் கட்டினேன்.

இரவு சமைக்கும்போதும் அதைத்தான் யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் கடிதத்தைக் கொடுக்காதே என்று சொன்னதும் அந்தக் கைதான். இனி வரப்போகிற ஏதோ ஒன்றுக்கென்று உன்னை அங்கே எடுத்து வைக்கப் பார்த்தேன். அதனால் இப்போது மாற்றிச் சொல்கிறேன், கடிதத்தைக் கொடு. ஆடிக்கு முன்னால் வந்து பதிந்து உன் படிப்பை முழுதாக முடி. எப்படிச் சமாளிப்பது என்று கேட்பாய், எனக்கும் முழுதாகத் தெரியாது. வவுனியா ஆஸ்பத்திரியில் சுகந்தினியைக் கொண்டு விசாரித்தேன். துப்புரவு வேலைக்குச் சேர்டிபிக்கற் தேவையில்லையாம், வருகிற மாதம் வரலாம் என்கிறார்கள். என்னோடு படித்த பிள்ளை மருந்து கட்டும்போது கீழே விழுகிறதை நான் கூட்டுவேன், அவ்வளவுதானே. "அன்ரி, நீங்கள் வந்தால் எங்களைத்தான் ஏசுவியள், ஏன் இவ்வளவு துணி எறியிறியள் எண்டு" என்றாள், சொல்லிவிட்டுப் போனிலேயே அழுதுவிட்டாள். ஆவணியில் நான் பாஸ் பண்ணுவேனா என்று உனக்குச் சத்தியம் செய்ய மாட்டேன். கை சொன்னபடி கேட்டால் பாஸ். நீ மட்டும் அதைப் பார்த்துக்கொண்டு நிற்காதே.

இதை வாசித்ததும் ஒரு போன் எடு, கோபம் இருந்தாலும் எடு, அப்பா உன் குரலுக்காகப் போனைச் சார்ஜில் இருந்து கழற்றாமல் வைத்திருக்கிறார். சிவன் உன் வழியில் நிற்கட்டும், நீ தொட்டதெல்லாம் முடிவு வரைக்கும் போய்ச் சேரட்டும். இன்னொன்று, போன கிழமை வீடியோவில் உன் பெருவிரலைப் பார்த்தேன், வேலையில் பெட்டி வெட்டும்போது பட்டது என்றாய், அதில் நீ ஒட்டியிருந்தது ஒரு சின்னத் துணிக் கீற்று, காயத்தில் பாதி வெளியே தெரிந்தது. அதை நீ எங்கே பழகினாய் என்று எனக்குத் தெரியும். இனிமேல் வெட்டுப் பட்டால் முழுத் துணியை எடுத்து வைத்துக் கட்டு மகன், மிஞ்சினதை எறி.

உன்னைப் பெற்ற,
அம்மா கௌசலா.