நடுப்பலகைக் கயிறு

2024 ஜனவரி 9, செவ்வாய்

கற்பிட்டியில் இன்று றஊப் நானாவின் புதுப் படகைப் பற்றித்தான் பேச்சு. தில்லையடியில் கடை வைத்திருக்கும் மனிதர், ஆசைப்பட்டு வாங்கிவிட்டார். நாற்பத்தொரு அடி, வெள்ளை பைபர், பெயர் ‘மர்ஜான்’. சுற்றுலாக்காரரை இரண்டு மூன்று நாள் தங்கவைத்துக் கூட்டிப்போகும் பாய்ப்படகு. அதை ஓட்ட ஆள் தேடுகிறார். நான்தான் அந்த ஆள். அவருக்கு இன்னும் தெரியாது, அவ்வளவுதான்.

ஜனவரி 12, வெள்ளி

ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து நானா என்னை வெளிக்கடலில் நிற்கும் மர்ஜானில் ஏற்றி ஓட்டிப்பார்க்கச் சொன்னார். என் பவுலினாவோடு ஒப்பிடாமல் இருக்க முடியுமா?

பவுலினா பதினாறு அடி, மரம், என்னைவிட வயதில் மூத்தவள். மாமனார் தன் மனைவியின் பெயரையே வைத்தார். மாமி என் பேச்சைக் கேட்பதில்லை, படகு கேட்கும். சுக்கானில் இரண்டு விரல் வைத்தாலே திரும்பிவிடுவாள். மர்ஜானுக்குச் சுக்கான் சக்கரம் மட்டும் இரண்டு. சுழற்றினால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரும்புகிறாள். ஆனால் காற்று ஏறும்போது அசையாமல் போகிறாள், தேத்தண்ணிக் கோப்பை சாயவில்லை.

பொய் எழுதக்கூடாது, எனக்குப் பிடித்துவிட்டது. பதினொரு வருடமாக நான் காலையில் ஒரு மிடறு தேத்தண்ணி குடிக்காமல் படகேறுவது ஏன் என்று எந்த ஆம்பிளைக்காவது தெரியுமா? மர்ஜானில் கதவு வைத்த கழிப்பறை இருக்கிறது. என் மனம் அங்கேயே விழுந்துவிட்டது.

பெரிய வித்தியாசம் அடியில். பவுலினாவின் நடுவே ஒரு பலகை உண்டு. கயிற்றை இழுத்தால் அது மேலே ஏறிவிடும், முழங்கால் தண்ணீரிலும் போவாள். மர்ஜானின் அடியில் இருப்பது அசையாத இரும்புக் கட்டை. ஆறரை அடி தண்ணீர் வேண்டும்.

நானா கேட்டார்: “தொறை வரைக்கும் அவ்வளவு தண்ணி ஈக்கிதா தங்கச்சி?”

“பதினொரு வருசமா அதாலதான் வாறன் நானா. ஒருநாளும் அடி தட்டினதில்ல.”

புதன்கிழமை வெளிக்கடலிலிருந்து துறைக்குக் கொண்டுவந்து காட்ட வேண்டும். சரியாக வந்தால் வேலை எனக்கு. இல்லாவிட்டால் நீர்கொழும்பில் ஒருவர் காத்திருக்கிறாராம். காத்திருக்கட்டும்.

ஜனவரி 14, ஞாயிறு

பூசையில் சாமியார் தாழ்மையைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார். நிலுக்சன் என்னைப் பார்த்து இருமினார். புருஷன் என்றால் இப்படியா?

ஜனவரி 17, புதன்

தட்டிவிட்டது.

ஜனவரி 18, வியாழன்

நேற்று எழுதக் கை வரவில்லை.

நல்ல வாடைக்காற்று. சக்கரத்தில் நான், பக்கத்தில் நானா. எல்லாம் அழகாகத்தான் போனது. கோயில் சிலுவையும் போன் கோபுரமும் ஒரே கோட்டில் வரும் இடத்தில் ஏதோ கீச்சென்று கத்தியது. பிரிட்ஜ் என்று நினைத்தேன்! அது ஆழம் காட்டும் கருவி. திரும்பிப் பார்க்குமுன் மர்ஜான் மணலில் உட்கார்ந்துவிட்டாள். கரையில் பாதி ஊர்.

நிலுக்சன்தான் பவுலினாவைக் கொண்டுவந்தார். பலகையைத் தூக்கிவிட்டு, மணல்மேட்டின் மேலேயே ஓடி, மர்ஜானின் நங்கூரத்தைத் தூரத்தில் போட்டார். நங்கூரக் கயிற்றைப் பாய்மர உச்சியோடு சேர்த்து இறுக்கினோம். மர்ஜான் ஒரு பக்கம் சாய்ந்தாள், கட்டை மணலை விட்டது, எஞ்சினைப் பின்னுக்குப் போட்டு வெளியே எடுத்தேன். அடியில் கீறல் மட்டும்தான்.

நானா கத்தவில்லை. “பெய்த்து வாங்க தங்கச்சி. யோசிச்சுச் செல்லுறன்,” என்று அனுப்பிவிட்டார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நிலுக்சன் சொன்னார்: “மழைக்கு மணல் நகர்ந்திட்டுது எண்டு சொல்லு. ஆர் போய் அளக்கப்போறான்?”

ஊரே நம்பும். வருஷா வருஷம் நகர்கிறதுதானே. நானும் நம்பத்தான் பார்த்தேன் - ஐயோ, எவ்வளவு ஆசையாகப் பார்த்தேன்!

ஜனவரி 19, வெள்ளி

ஆழம் பார்க்க மூங்கிலில் அடிக்கணக்குக் கோடு வெட்டிக்கொண்டு பவுலினாவில் போனேன். சிலுவையும் கோபுரமும் கோட்டுக்கு வந்தன. மூங்கிலை எடுக்கக் குனிந்தால் என் இடக்கை ஏற்கெனவே பலகைக் கயிற்றை இழுத்துக்கொண்டிருக்கிறது. நான் இழு என்று சொல்லவே இல்லை!

அட சனியனே. பதினொரு வருஷமாக இந்த இடத்தில் பலகையைத் தூக்கித்தான் போயிருக்கிறேன். பிறகெப்படி அடி தட்டும்? கைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. அளந்தேன். நாலரை அடி. சுற்றிலும் கடற்பூண்டு வேர்பிடித்து நிற்கிறது. மணல் எங்கும் போகவில்லை.

நேரே தில்லையடிக்கு பஸ் ஏறினேன். கடையில் ஆட்கள் இருக்கும்போதே சொன்னேன், பிழை என்னுடையது, மணலுடையதல்ல என்று. முகம் எரிந்தது.

நானா கல்லாப்பெட்டியை மூடினார். பிறகு, “மணல் மேல பழியப் போட்டீந்தா நான் நம்பியீப்பன்,” என்றார்.

“தெரியும் நானா.”

“ஆறரை அடி தண்ணி எங்கால ஈக்கிது எண்டு தேடித் தாங்க. மிச்சத்தப் பொறகு பேசுவம்.”

பெப்ரவரி 3, சனி

பதின்மூன்று நாள் அளந்தேன். தீவுப் பக்கமாக வளைந்து ஒரு வழி இருக்கிறது. எங்கும் ஏழடிக்குக் குறையவில்லை. பவுலினா இல்லாமல் இதைக் கண்டிருக்க முடியாது. மேட்டைத் தேடித்தேடி அதன் மேலேயே போக வேறு எந்தப் படகால் முடியும்? வழி தெரிய இருபத்திரண்டு கம்பு நட்டேன். தோள் கழன்றுவிடும் போலிருக்கிறது, ஆனால் என் வழி சரி. இந்தமுறை மூங்கில் சாட்சி.

பெப்ரவரி 11, ஞாயிறு

கம்புகளைப் பார்த்து நானா வேலையை எனக்கே தந்துவிட்டார். மர்ஜானில் முதல் பயணம், ஆறு பேர். நீர்கொழும்புக்காரருக்கு வேறு வேலை கிடைத்துவிட்டதாம், நல்லது. விடியற்காலையில் இரண்டு கோப்பை தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் ஏறினேன்.

திரும்பி வரும்போது சிலுவையும் கோபுரமும் நெருங்கின. இடக்கை தானாகவே கீழே போனது. அது போகும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் பவுலினாவின் பழைய பலகைக் கயிற்றில் ஒரு முழம் வெட்டி, ஆழம் காட்டும் கருவியின் கீழேயே கட்டிவைத்திருந்தேன். கை கயிற்றைப் பிடித்தது, கண் கருவிக்குப் போனது. ஏழரை அடி.

“அந்தக் கயிறு எதுக்கு?” என்று ஒரு பயணி கேட்டார்.

“தண்ணி பாக்க,” என்றேன்.