ராஜம்மாவின் பெயர் இருந்த பலகை

டர்பன்டைன் வாடை இன்று என்னை உம்மிடம் கொண்டுவந்து நிறுத்தியது. நம் மண்டபத்தைப் புதுப்பிக்கிறார்கள். கூடத்துச் சுவரிலிருந்த உம்முடைய பலகையைக் கழற்றி வாசலில் சாய்த்து வைத்து, தொழிலாளி ஒருவர் பழைய பூச்சைக் கரைத்துக்கொண்டிருந்தார். 'வேலை பெற்றோர்' என்ற தலைப்பு ஏற்கெனவே போய்விட்டது. மூன்றாம் வரிசையில் ராஜம்மாவின் பெயர் இன்னும் இருந்தது. விரலால் தடவிப் பார்த்தேன். வெள்ளை எழுத்தின் அடியில் சாவி கீறிய பள்ளம் அப்படியே இருக்கிறது.

நீர் மறைந்து நான்கு ஆண்டுகளாகின்றன. இறந்தவரைக் குறைசொல்லலாகாது என்று நானே பலருக்கு எடுத்துரைத்திருக்கிறேன். உம் விஷயத்தில் அது எனக்குக் கைகூடவில்லை.

துறைமுக அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து நான் ஓய்வுபெற்ற ஆண்டில்தான் நீர் இந்த மண்டபத்தில் அந்த வகுப்பைத் தொடங்கினீர். தோட்டங்களை விட்டுப் பினாங்கு வந்து வேலையின்றி நின்ற நம் ஏழைகளுக்கு விண்ணப்பம் நிரப்பவும், நேர்காணலில் உட்காரவும், கேட்ட கேள்விக்கு விடை சொல்லவும் பழக்கும் வகுப்பு. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகள் ஆள் எடுத்துக்கொண்டிருந்த காலம். நோக்கம் நல்லதுதான், அதை இன்றும் மறுக்கமாட்டேன். வேலை கிடைத்து ஒரு மாதம் நிலைத்தவரின் பெயர் பலகையில் ஏறும். பெயர் ஏறியவருக்கு வகுப்பில் மறுபடி இடமில்லை. இரண்டும் நீர் வகுத்த விதிகள்.

மூன்றாம் ஆண்டில், வகுப்புக்கு உதவிவந்த அறநிலையத்தார் அதன் பலனை வெளியாள் ஒருவர் ஆராய்ந்து எழுதித் தரவேண்டும் என்றார்கள். நீர் என் பெயரைச் சொன்னீர். சந்நிதியில் உம்மோடு நின்று இருபது ஆண்டுகள் பதிகம் ஓதியவன். பொய் எழுதமாட்டான் என்று ஊரில் பெயரெடுத்தவன். இரண்டும் உமக்கு வேண்டியிருந்தன.

பலகையைப் பார்த்து எழுதிவிடுவேன் என்று எண்ணினீர். நான் பெயர்களைக் குறித்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். பலர் நன்றாகவே இருந்தார்கள். அதை மனமார எழுதினேன். பிறகு ரைஃபிள் ரேஞ்ச் அடுக்குமாடியில் ராஜம்மாவைக் கண்டேன். பைராம் தோட்டத்தில் கணவனை இழந்து, தோட்டத்து வீட்டையும் விட்டு, இரண்டு பிள்ளைகளோடு அக்காள் வீட்டில் ஒண்டியிருந்தாள்.

"கிளாஸ் நடத்தற ஐயாவேதாங்க சொல்லிக் குடுத்தாரு. பிள்ளை இருக்கான்னு கேட்டா 'தாக் அடா', இல்லைன்னு சொல்லிடு, அப்பதான் எடுப்பாங்கன்னாரு. சொன்னேன். எடுத்தாங்க. ஏழாவது வாரம் சின்னவனுக்கு இழுப்பு வந்திருச்சி. மூணு நாளு போகல. அப்புறம் சூப்பர்வைசர்கிட்ட உண்மையைச் சொன்னேன். பொய் சொல்லிச் சேர்ந்தியான்னு அனுப்பிட்டாங்க லா."

"இப்போது என்ன வேண்டும் அம்மா?" என்று கேட்டேன்.

"திரும்ப கிளாஸ்ல சேரணுங்க. பிள்ளைங்க இருக்குன்னு சொல்லியே எப்படி வேலை கேக்கறதுன்னு கத்துக்கணும். போனா, 'உன் பேருதான் பலகையில இருக்கே, நீ பாஸாச்சே'ன்னு சிரிக்கிறாரு. அந்தப் பேரை அழிக்கச் சொல்லுங்க ஐயா. வேற ஒண்ணும் வேணாம்."

அவள் கேட்டது ஒரு வரிப் பெயிண்டை. அன்று மாலையே மண்டபத்துக்கு வந்து உம்மிடம் சொன்னேன். செயற்குழுவினர் நால்வர் உடனிருந்தனர்.

"ஒரு மாசம் வேலை செய்தவளோ, இல்லையோ?" என்றீர்.

"செய்தாள்."

"பிறகென்ன காணும்? பந்தியிலை இருந்து சாப்பிட்டவனைத்தான் எண்ணலாம். அடுத்த நாள் அவனுக்குப் பசிச்சதோ எண்டு வீடு வீடாய்ப் போய்க் கேக்கிறதோ? உமக்கென்ன விசரோ?"

எனக்குப் பைத்தியமா என்று நீர் கேட்டதும் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். அன்று வாயில் வராத விடையை இப்போது எழுதுகிறேன். நேற்று உண்டாயே என்று சொல்லி எந்த அன்னதானப் பந்தியிலிருந்தும் எவரையும் எழுப்பியதில்லை. நீர் எழுப்பினீர். பசித்தவளை எழுப்பி அனுப்பிவிட்டு, அவள் உண்ட இலையை மட்டும் சுவரில் மாட்டி வைத்தீர்.

அறிக்கையில் அவளுக்காக ஒரு பக்கம் எழுதியிருந்தேன். பொய் சொல்லப் பழக்கியது, ஒரு மாத விதி, மறுபடி சேர்க்காதது, மூன்றும் அதில் இருந்தன. நீர் என் வீடு தேடி வந்தீர். குரலை உயர்த்தவில்லை, கைகூப்பிக்கொண்டே பேசினீர். "இந்தப் பக்கம் போனால் வகுப்பைப் பூட்டுவினம். வாற வரியத்துப் பிள்ளையளுக்கு நீரோ பதில் சொல்லுறது?" இனி வரப்போகும் பிள்ளைகளைக் காட்டி, வந்து நின்றவளை மறைத்தீர். நான் அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டுக் கையொப்பமிட்டேன்.

அறநிலையத்தார் வந்த நாள் நினைவிருக்கிறதா? பலகைக்குச் சாமந்தி மாலை சாத்தியிருந்தீர். நீர் பேசிக்கொண்டிருக்கையில் ராஜம்மா சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. நேரே பலகையிடம் போய், வீட்டுச் சாவியால் தன் பெயரைக் கீறத் தொடங்கினாள். தகரத்தில் சாவி உரசும் ஓசை கூடமெங்கும் கேட்டது.

"பாருங்க, இப்ப இல்லை," என்று திரும்பினாள். "இப்ப சேர்த்துக்குவீங்களா?"

நீர் விருந்தினரைப் பார்த்துப் புன்னகைத்து, "பாவம், கொஞ்சம் மனநிலை சரியில்லாத பிள்ளை," என்றீர். ஒரு தாயைப் பிள்ளையில்லாதவள் ஆக்கினீர். பிறகு புத்தியில்லாதவளும் ஆக்கினீர். இரண்டையும் திருநீறு துலங்கும் நெற்றியோடு செய்தீர்.

அவள் என்னைக் கண்டுகொண்டாள். "நீங்களாச்சும் சொல்லுங்க ஐயா."

அறிக்கை என் மடியில் இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். சிறுவனின் ரப்பர் செருப்பு ஒன்று கழன்று விழுந்தது. அவள் குனிந்து அதை எடுத்துக்கொண்டு போனாள். மறுநாள் அதே இடத்தில் அவள் பெயரை மீண்டும் எழுதச் செய்தீர். வகுப்பு இன்னும் ஆறு ஆண்டுகள் நடந்தது. வீடு வீடாகப் போன என் கால்கள் அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் மறுபடி போகவில்லை.

உம் இறுதி நோயின்போது உம் துணைவியார் அர்ச்சனைத் தட்டை என் கையில் தந்து, உமக்காகக் கோயிலுக்குப் போய்வரச் சொன்னார். உம் நட்சத்திரம் உத்திராடம். அவர் சொல்லாமலே எனக்குத் தெரியும். சந்நிதியில் குருக்கள் பெயர் கேட்டார். "ராஜம்மா" என்றேன். நா தவறிச் சொல்லவில்லை. நட்சத்திரம் கேட்டார். தெரியாது என்றேன். அவளிடம் அத்தனை கேள்வி கேட்ட நான் அதைக் கேட்டிருக்கவில்லை.

அவள் பெயரால் பெற்ற திருநீற்றைக் கொண்டுவந்து கொடுத்தேன். உம் துணைவியார் அதை உம் நெற்றியில் பூசினார். நீர் கண்மூடி ஏற்றுக்கொண்டீர். என் கையைப் பற்றி நன்றி என்றும் சொன்னீர். ஐந்தாம் நாள் போய்விட்டீர்.

அறிக்கையிலிருந்து அன்று எடுத்த பக்கம் என் திருநீற்றுப் பெட்டியின் அடியில் மடித்தபடி கிடக்கிறது. வெள்ளிதோறும் அர்ச்சனைக்கு அதே பெயரைக் கொடுக்கிறேன். இப்போதெல்லாம் குருக்கள் நட்சத்திரம் கேட்பதில்லை. உம் பெயரை நான் கொடுத்ததே இல்லை.