ஆப்கான் மெடலை நான் கொடுக்கவில்லை

என் பிரியமுள்ள அப்பா,

நீங்கள் போய் மூன்று மாதமாகிறது. பசறைத் தோட்டத்தில் இன்னமும் உங்களை மிஷின் தொரை என்றுதான் சொல்கிறார்கள். தேயிலை அரைக்கும் ஸ்டோரில் நீங்கள் ஓட்டிய இஞ்சினை இப்போது ஒரு புது ஆள் பார்க்கிறார். மழை நாளில் அது அவர் சொல்லைக் கேட்பதில்லையாம். நான் தோட்டத்தில் இல்லை, பதுளையில் இருக்கிறேன். ஏன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டாமா?

உங்களை அடக்கம் செய்த இருபதாம் நாள், தோட்டத்தை நடத்தப் புதிதாக வந்த பெரிய தொரை என்னைப் பங்களாவுக்குக் கூப்பிட்டனுப்பினார். ஸ்கொட்லாந்திலிருந்து உங்கள் அண்ணன் மகன் கடிதம் போட்டிருந்தாராம். ஆப்கான் போருக்காக உங்களுக்குக் கொடுத்த வெள்ளி மெடலும், பட்டாளத்துச் சேவைப் பத்திரமும் அவர்கள் வீட்டுக்கு வேண்டுமாம்.

"மெடல் எங்கே? கொண்டா" என்றார் தொரை.

"அது எங்கப்பாவோடதுங்க. எங்கிட்டதான் இருக்கும்."

"அவனுக்குப் புள்ளை இல்லை. பேப்பர்ல இல்லை. நீ அவன் வீட்டு வேலைக்காரி."

பக்கத்தில் நின்ற கிளாக்கர் ஐயா, "குடுத்துட்டுப் போம்மா, வம்பு எதுக்கு?" என்று முணுமுணுத்தார். ஆனாலும் நான் சொல்லிவிட்டேன், அப்பா.

"நான் அவரு மகதான்னு, படிச்ச பதுளைப் பள்ளிக்கூடத்து ரிஜிஸ்தர்ல இருக்குங்க. ஆள் அனுப்பிப் பாருங்க."

அந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? எனக்கு ஏழு வயது. தகப்பன் பெயர் இல்லாத பிள்ளையைச் சேர்க்க முடியாது என்று அம்மாவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் நீங்கள் பழைய கோட்டு ஒன்றை மாட்டினீர்கள். பெட்டிக்கு அடியில் கிடந்த மெடலை, பீரங்கி சுமக்கும் யானை பொறித்த அந்த வெள்ளி வட்டத்தை, நெஞ்சில் குத்திக்கொண்டீர்கள். குண்டு பட்ட காலை இழுத்து இழுத்து எங்களோடு பதுளைக்கு நடந்தீர்கள். நீங்கள் அதை அணிந்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

"எழுதுங்க. இவ என் மக" என்று தமிழில் சொன்னீர்கள். கொழுந்து பறிக்கும் அம்மாவுக்கும் புரியட்டும் என்றா? கையெழுத்துக்குக் கீழே பட்டாள நம்பரையும் எழுதினீர்கள்.

கிளாக்கர் ஐயா மறுநாள் பதுளைக்குப் போய் ரிஜிஸ்தரிலிருந்த அந்த நம்பரைக் குறித்துக்கொண்டு வந்தார். தொரை என்னை மறுபடி கூப்பிட்டார். நான் முந்தானையிலிருந்து மெடலை எடுத்து விளிம்பைக் காட்டினேன், கையில் கொடுக்கவில்லை. அதில் வெட்டியிருந்ததும் அதே நம்பர்தான். தொரைக்கு முகம் சிவந்துபோயிற்று. எதிரியின் கோட்டையில் முதல் ஆளாக ஏறிய வீரர் நீங்கள் என்று உங்கள் அண்ணன் மகனின் கடிதத்தை வாசித்துக் காட்டி, அப்படிப்பட்டவர் மெடல் கூலியாட்கள் குடியிருக்கும் லயத்தில் கிடக்கலாமா என்று கேட்டார்.

"அவரு எங்கிட்டச் சொன்னது வேறங்க. தண்ணி சுமந்த கோவேறு கழுதைக்குக் காவல் நிக்கையிலதான் குண்டு பட்டுச்சு. அதுக்கு முந்தி ஒரு ஊரையே எரிச்சு, பழ மரத்தையெல்லாம் வெட்டினாங்களாம். நானும் கோடாலி புடிச்சேன்னு சாகுற வரைக்கும் சொல்லிச் சொல்லி அழுதாருங்க."

"மெடலைக் குடு. இல்லாட்டி தோட்டத்தை விட்டுப் போ."

"போறேங்க."

மறுநாளே உங்கள் தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். பதுளைக் கடைவீதிக்குப் பின்னால் ஓர் அறை கிடைத்தது. துணி தைக்கிறேன். உங்கள் அண்ணன் மகனுக்கு நானே எழுதினேன். சேவைப் பத்திரத்தை ஒரு வரி விடாமல் நகல் எடுத்து, அந்தப் பழ மரங்களையும் சேர்த்து எழுதி, "உங்கள் தங்கை" என்று கையெழுத்துப் போட்டேன். இதுவரை பதில் இல்லை. பதில் வந்து, அவர் மறுபடி கேட்டாலும் மெடல் போகாது.

இப்போது உங்களை அடக்கம் செய்த கிறிஸ்தவக் கோயில்காரர்கள் உங்கள் குழிமேல் கல் வைக்கப்போகிறார்கள். பெயரும், "வீரம் மிக்க போர்வீரர்" என்ற வார்த்தையும் மட்டும்தானாம். பாதிரியாரிடம் போனேன்.

"வீரம் வேண்டாங்க ஐயா. மீனாட்சியின் கணவர், ஜானட்டின் தகப்பன்னு போடுங்க."

"பார்க்கலாம்மா" என்றார். அடுத்த ஞாயிறு போனேன். அன்றைக்கும் "பார்க்கலாம்" என்றார்.

உங்களை வீரனாக்கவும் விடமாட்டேன், பிள்ளையில்லாதவர் ஆக்கவும் விடமாட்டேன். கல்லில் அந்த வரி ஏறுகிற வரைக்கும் ஒவ்வொரு ஞாயிறும் அவர் வாசலில் போய் நிற்பேன், அப்பா.

மீனாட்சிக்கும் உங்களுக்கும் பிறந்த மகள்,
ஜானட்