வெளித்தாழ்ப்பாள்

அன்புள்ள அம்மாவுக்கு,

மஸ்கட்டிலிருந்து ஸ்வீட்லின். மாதா புண்ணியத்தில் நான் சுகம். உங்கள் முட்டிவலி தேவலையா? போனில் பேசினால் தம்பி ரெனிஷ் ஒட்டுக் கேட்கிறான், அதனால்தான் கடிதம்.

அப்பா ஜெபமாலையை முடித்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்குவதைப் பக்தி என்று பட்டாபிராம் ஊரே மெச்சியது. இங்கே நான் பார்த்துக்கொள்ளும் பெரியவரும் அப்படித்தான். முடித்தது நினைவில் நிற்பதில்லை. மறதிநோய் என்று நீங்கள் காட்டிய டாக்டரும் சொல்லிவிட்டாரே.

ரெனிஷ் மட்டும் "நைனா சும்மா சீன் போட்டுகினு கீது" என்கிறான். நீங்கள் பஸ் ஏறிப் பாடிப் பக்கம் வேலைக்குப் போனதும் அவரை அறையில் விட்டு வெளியே தாழ் போடுகிறான். அவர் கதவைத் தட்டி அழுததைப் படமெடுத்து, சிரித்துக்கொண்டே எனக்கு அனுப்பினான். அதை நான் அழிக்கவில்லை.

நசரத்பேட்டையில் மறதிநோய்க்காரர்களுக்கான இல்லம் ஒன்றை வீடியோவில் சுற்றிப் பார்த்தேன். எந்த அறைக்கும் வெளித்தாழ்ப்பாள் இல்லை, அதற்காகவே தேர்ந்தெடுத்தேன். திங்கட்கிழமை வண்டி வரும். அப்பாவின் தலையணை உறையைத் துவைக்காமல் கொடுத்தனுப்புங்கள், புது இடத்தில் தூக்கம் வரும். அவர் ஜெபம் சொல்வதைப் பதிவு செய்து எனக்கும் அனுப்புங்கள். இங்கே தனியாகத்தான் சொல்கிறேன்.

டூட்டிக்கு நேரமாகிவிட்டது. ரெனிஷிடம் ஒன்று சொல்லுங்கள். கல்யாணமே வேண்டாமென்று திரிகிறவனுக்கு, வயதான காலத்தில் இல்லம் தேடப்போவது இந்த அக்காதான். வெளித்தாழ்ப்பாள் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பேன்.

உங்கள் மகள்,
ஸ்வீட்லின்